கிளவுஸைத் தைக்கலாம், ஹெல்மெட்டைத் தைக்கக் கூடாது

சென்னையில் கீழ் டிவிஷன் லீக் ஆடும் ஒரு கிளப்பில் கிட் பொறுப்பு என்னுடையது. கேட்பதற்குப் பெரிய பதவி போலத் தோன்றும். உண்மையில் யாருடைய பேடில் வார் அறுந்தது, எந்த கிளவுஸில் ஓட்டை, ஹெல்மெட்டைக் கடைசியாகப் போட்டவன் யார், அதைக் காயவைக்காமல் பையில் அமுக்கியவன் யார் என்று சண்டை போடுகிற வேலை. முன்பு கீப்பிங் பண்ணிக்கொண்டிருந்தேன், முட்டி ஒத்துழைக்காததால் இப்போது பெரும்பாலும் ஸ்கோர் புத்தகமும் கிட் பேக்கும்தான். ஆனால் இதில் ஒரு லாபம் உண்டு. தன்னுடைய கிட்டை மட்டும் பார்க்கிறவனுக்குத் தெரியாத பல விஷயங்கள், ஒரு முழு டீமின் கிட் எங்கே கிழிகிறது, எங்கே தாங்குகிறது என்று வருஷக்கணக்கில் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர்களோடும் கம்பெனிகளோடும் போட்ட சண்டைகளும் மின்னஞ்சலில் நிறையச் சேர்ந்திருக்கின்றன.

முதலில் வாரண்டி. எங்கள் பையன்கள் எல்லோருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது: மிக்ஸிக்கு வாரண்டி, ஃபோனுக்கு வாரண்டி, அப்படியென்றால் அத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஹெல்மெட்டுக்கும் வேண்டாமா? பல கம்பெனிகள் தருகின்றன, அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்தும் இருக்கும். ஆனால் எதற்குத் தருகிறார்கள் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தையல் விட்டால், ஒட்டு பிரிந்தால், திருகாணி கழன்றால், அதாவது தயாரிக்கும்போதே நடந்த கோளாறாக இருந்தால் தருவார்கள். பந்து பட்டு வந்த சேதத்துக்குத் தரமாட்டார்கள். நாளடைவில் தேய்ந்ததற்கும் தரமாட்டார்கள். "பந்து படத்தானே சார் வாங்கினோம்" என்று கேட்காத ஆள் எங்கள் டீமில் இல்லை. கேள்வி நியாயமானதுதான், ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில் கிடையாது.

நான் கிட்டை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். உடம்போடு சேர்த்துப் பிடிப்பவை ஒரு வகை: வார், வெல்க்ரோ, தையல், உள்ளங்கைத் தோல். அடியை வாங்கிக்கொள்பவை இன்னொரு வகை: ஹெல்மெட்டின் ஓடு, முகத்துக்கு முன்னால் நிற்கும் கம்பி கிரில், உள்நுரை, உள்ளாடைக்குள் வைக்கும் கார்டு. முதல் வகையில் குறை வந்தால் கம்பெனியோடு சண்டை போடலாம், அவர்கள் கைவிரித்தால் நாமே தைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையில் ரிப்பேர் என்ற பேச்சே வரக் கூடாது.

ஹெல்மெட்டையே எடுத்துக்கொள்வோம். எங்கள் ஓப்பனர் ஒருவன் மேட்டிங் விக்கெட்டில், அதாவது பாய் விரித்த பிட்ச்சில், ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பாயில் ஆடியவர்களுக்குத் தெரியும், முன்காலில் போகவேண்டிய பந்துகூடத் தொண்டை உயரத்துக்கு எழும்பும். அப்படி எழும்பிய ஒன்று இடது காதுக்கு மேலே பட்டது. சத்தம் ஸ்கோரர் மேசை வரைக்கும் கேட்டது. அவன் ஒன்றுமில்லை என்று கையசைத்தான், நாங்கள் கேட்கவில்லை, வெளியே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டோம். அப்புறம் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே சிவப்பாக ஒரு தீற்றல், அவ்வளவுதான், ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டது. உள்ளே துணி லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால், அந்த இடத்து நுரையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் கோடு, பக்கத்தில் அழுத்தினால் கட்டை விரல் லேசாக உள்ளே போகிறது. எதிர்ப்பக்கம் அழுத்தினால் கல்லாக இருக்கிறது.

அவன் கம்பெனிக்கு எழுதினான், வாங்கி சில மாதங்கள்தான் ஆகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று. பதில் இரண்டே வரி. பந்து பட்ட சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது, தயவுசெய்து இந்த ஹெல்மெட்டை இனி பயன்படுத்த வேண்டாம். அவனுக்குக் கோபம். "என் மண்டையைக் காப்பாத்துனதுக்கு நன்றி சொல்லணுமா, இல்ல காசு கேக்கணுமா, ஒண்ணும் புரியலண்ணே" என்றான். நான் கம்பெனி பக்கம்தான் நின்றேன், இன்றைக்கும் அப்படித்தான். ஹெல்மெட்டின் வேலையே அதுதான். மேல் ஓடு அடியைப் பரப்புகிறது, உள்ளே இருக்கும் நுரை நசுங்கி அந்த வேகத்தைத் தின்றுவிடுகிறது. தெர்மகோல் வகைக் கெட்டி நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்பாது. பலமான அடி வாங்கிய ஹெல்மெட், ஒரு தடவை உரசிய தீக்குச்சி மாதிரி. பார்க்க அப்படியே இருக்கும், அடுத்த முறை பற்றாது. அதனால் ஹெல்மெட் வாங்கும்போதே, நல்ல அடி ஒன்று பட்டால் இந்தக் காசு போய்விடும் என்று நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அதே கம்பெனியை நான் விடாமல் பிடித்த இடமும் உண்டு. இன்னொரு பையனுடைய ஹெல்மெட்டில், கிரில்லை ஓட்டோடு பிடிக்கும் திருகாணியைச் சுற்றி நட்சத்திர வடிவில் மெல்லிய வெடிப்பு. அதில் பந்தே பட்டதில்லை, சில வலைப்பயிற்சிகளுக்கு மட்டும் போட்டிருந்தான். அவர்கள் முதலில் அனுப்பியது அதே இரண்டு வரிப் பதில். நான் ஓட்டின் நாலு பக்கமும் படம் எடுத்து, பந்து பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை, வெடிப்பு துளையிலிருந்துதான் கிளம்புகிறது, மறுபக்கத் துளையிலும் அதே வெடிப்பு ஆரம்பித்திருக்கிறது என்று எழுதினேன். அந்த மறுபக்கப் படம்தான் காரியத்தை முடித்தது. ஒரே கோளாறு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது தொழிற்சாலையில் திருகாணியை அதிகமாக முறுக்கியதாகத்தான் இருக்கும், அதை அவர்களாலும் மறுக்க முடியவில்லை. புது ஹெல்மெட் வந்தது. வாரண்டிக்குப் படம் எடுக்கும்போது உடைந்த இடத்தை மட்டும் எடுக்காமல், உடையாத பக்கத்தையும் எடுங்கள்.

ஹெல்மெட் தரம் என்று வரும்போது பிராண்டை விட லேபிள் முக்கியம். உள்ளே பிரிட்டிஷ் தரநிலையின் எண் இருக்கும்: பிஎஸ் 7928:2013. 2013 என்ற ஆண்டு கட்டாயம் இருக்க வேண்டும். பழைய தரநிலையில் முகத்துக்கு நேரே பந்தை வீசிப் பார்க்கும் சோதனை கிடையாது. கிரில்லை மேலே கீழே நகர்த்திக்கொள்ளும் வசதியும் பழைய ஹெல்மெட்டுகளில் இருந்தது, நம் ஆட்கள் பார்வை மறைக்கிறது என்று இடைவெளியை அகட்டி வைத்துக்கொள்வார்கள். 2014-இல் ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்டில் வருண் ஆரோன் போட்ட பவுன்சர் ஸ்டூவர்ட் பிராடின் ஹெல்மெட் முனைக்கும் கிரில்லுக்கும் நடுவே புகுந்து மூக்கை உடைத்தது பலருக்கு நினைவிருக்கும். புதிய தரநிலையில் அந்த இடைவெளி வழியாகப் பந்து முகத்தைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். 2017-இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் ஹெல்மெட் போடுகிற பேட்ஸ்மேன் இந்தத் தரநிலை ஹெல்மெட்டைத்தான் போட வேண்டும் என்று ஐசிசி விதி கொண்டுவந்தது. நம் மைதானங்களில் இன்னும் 2013-க்கு முந்தைய ஹெல்மெட்டுகள் கிளப் பையிலிருந்து பையாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அகாடமிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அந்தச் சோதனை எந்தப் பந்தை வைத்துச் செய்யப்பட்டது என்பதும் லேபிளில் இருக்கும். பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. சின்னப் பசங்களின் ஜூனியர் பந்து 20.5 முதல் 22 செ.மீ. வரை. பெரிய பந்தைத் தடுக்கிற இடைவெளியில் சின்னப் பந்து நுழைந்துவிடலாம். அதனால் பையன் ஜூனியர் பந்தில் ஆடுகிறான் என்றால் ஜூனியர் பந்தில் சோதித்தது என்று லேபிளில் இருக்க வேண்டும், இரண்டிலும் சோதித்தது என்றால் இன்னும் நல்லது. "வளர்ற பையன், கொஞ்சம் பெருசாவே எடுத்துக்கலாம்" என்று பள்ளிச் சீருடை வாங்குகிற கணக்கில் ஹெல்மெட் வாங்கக் கூடாது. கடைக்குப் போகும்போது அவன் ஆடும் பந்தையே கையில் எடுத்துப் போய் அந்த இடைவெளியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கை அழுத்தத்துக்கே நுழைகிற மாதிரி இருந்தால் வேண்டாம்.

கிரில் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் வலைப்பயிற்சிக்கு ஒரு பையனுடைய அப்பா வந்து பெருமையாக ஹெல்மெட்டைக் காட்டினார். கிரில்லின் நடுக்கம்பி ஒன்று விட்டுப்போயிருந்ததாம், வீட்டுக்குப் பக்கத்தில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் கம்பி அடிக்கிற பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்து வாங்கியிருக்கிறார். மேலே கறுப்புப் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள், சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. ஆனால் உள்பக்கம், சரியாகக் கன்னத்துக்கு நேரே, பற்ற வைத்த இடம் முடிச்சாக நீட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் கம்பி வளைந்து ஒரு பக்கம் இடைவெளியும் கூடியிருந்தது. "ஸ்ட்ராங்கா இருக்கு சார், ஆட்டிப் பாருங்க" என்றார். ஆட்டிப் பார்த்தால் ஆடாதுதான். கிரில் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது சார், அது எந்த இடத்தில், முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் சேர்த்துத்தான் சோதித்திருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கிரில் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் பார்த்து வாங்கி மாட்டலாம். வேறு கம்பெனி கிரில் துளைக்குத் துளை பொருந்தினாலும் மாட்ட வேண்டாம், ஏனென்றால் அந்த ஜோடியை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, வாரண்டியும் அங்கேயே முடிந்துவிடும். கம்பி வெறும் இரும்பா, எவர்சில்வரா என்றும் கேட்டு வாங்குங்கள். நம் கடற்கரை ஊர்க் காற்றில், வியர்வையும் சேர்ந்து, சாதாரண இரும்பு கிரில் பெயின்ட் உரிந்த இடத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கிறது. டைட்டானியம் லேசாக இருக்கும், துருவும் பிடிக்காது, விலைதான் கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கும்.

கழுத்துக் காப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் ஹியூஸுக்கு 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் பந்து பட்டது ஹெல்மெட்டில் அல்ல, அதற்குக் கீழே கழுத்தில், இரண்டு நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பின்னால் மாட்டும் கழுத்துக் காப்புகள் பரவலாயின. 2023 அக்டோபரிலிருந்து ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு வாரியத்தின் போட்டிகளில் வேகப்பந்தை ஆடும்போது அது கட்டாயம். எங்கள் பசங்களுக்கு அது உறுத்துகிறதாம், ஸ்டைலாக இல்லையாம். கிளிப்பில் மாட்டும் வகை சீக்கிரம் தளர்ந்து தொங்குகிறது என்பது மட்டும் நியாயமான புகார், ஹெல்மெட் பையில் திணிக்கும்போது மடங்கித்தான் பெரும்பாலும் அது கெடுகிறது. பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் ஃபீல்டிங் நிற்கிறவனுக்கும் ஹெல்மெட் உண்டு என்பதையும் கிளப் மட்டத்தில் மறந்துவிடுகிறோம். 1998-இல் டாக்காவில் ஒரு கிளப் போட்டியில், ஓவர் முடிய இன்னும் சில பந்துகள்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நின்ற இந்திய வீரர் ராமன் லாம்பாவை நாம் இழந்தோம்.

சரி, இப்போது நாம் ஜெயிக்கக்கூடிய சண்டைக்கு வருவோம். கிளவுஸ்.

நடுத்தர விலையில் ஒரு ஜோடி, திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் வாங்கியது. முதல் மாதத்திலேயே வலது ஆள்காட்டி விரலின் பக்கத் தையல் வாய் பிளந்துவிட்டது. கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் கையில்கூட வாங்கவில்லை, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "மேட்ச்ல யூஸ் பண்ணிட்டீங்களே சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். யூஸ் பண்ணாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கா வாங்கினோம்? பில்லைத் திருப்பிப் பார்த்தால், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்ற அந்தப் பிரசித்தி பெற்ற வாசகம்.

அந்த வாசகத்தைப் பார்த்துப் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். நல்ல பொருளை மனசு மாறித் திருப்பித் தந்தால் அவர் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது வேறு. ஆனால் குறையுள்ள பொருள் என்றால் கதையே வேறு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்று எழுதியிருக்கிறது. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள், ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. அதனால் "பில் வேணாம்னா ஒரு நூறு ரூபா குறைச்சுக்கலாம் சார்" என்று கடையில் சொன்னால், அந்த நூறு ரூபாய்க்கு நீங்கள் வாரண்டியை விற்கிறீர்கள் என்று அர்த்தம். பில்லும் யார் புகார் கொடுப்பாரோ அவர் பெயரில் இருக்கட்டும். கிளப் பெயரில் மொத்தமாக ஒரு பில் போட்டு, அப்புறம் தனித்தனியாகப் பங்கு பிரித்துக்கொண்டு, குறை வந்தபோது யார் எழுதுவது என்று முழித்த அனுபவம் பல டீம்களுக்கு உண்டு.

கடைக்காரரிடம் சட்டம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு எழுதினேன். தையல் பிரிந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: நூல் அறவில்லை, தோலும் கிழியவில்லை. ஊசி போன துளைகள் தோலின் ஓரத்துக்கு மிக அருகில் இருந்தன, கடைசி சில துளைகள் தோலில் விழவே இல்லை, உள்ளே இருந்த துணியை மட்டும் பிடித்திருந்தன. மெஷினில் தைத்தவர் வளைவில் கொஞ்சம் விலகிவிட்டார், அவ்வளவுதான். தேய்மானம் என்றால் தோல் மெலிந்திருக்கும், நூல் பிசிறியிருக்கும். இதையே நாலு வரியில் எழுதி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்த படத்தையும் பில்லையும் சேர்த்து அனுப்பினேன். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதில், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யப்போகிறேன் என்று மரியாதையாகவே ஒரு வரி சேர்த்தேன். புது ஜோடி கடைக்கே வந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார், டீயும் சொன்னார். இப்போதும் அங்கேதான் வாங்குகிறோம், அது அப்படித்தான்.

அந்த எண்ணில் சொல்லியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய அவசியம் இல்லை, கம்பெனி மீரட்டில் இருந்தாலும் ஜலந்தரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இப்போது இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரு ஜோடி கிளவுஸுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று கேட்டால், நான் போனதில்லை. மொத்த டீமுக்கும் வாங்கிய கிட் ஒரே மாதிரி பல்லிளித்தால் போவேன்.

முக்கியமான ஒன்று, கம்பெனிக்கு எழுதி முடிவு தெரியும் வரை அந்தப் பொருளில் கை வைக்காதீர்கள். நம் ஆட்கள் தையல் விட்டதும் முதலில் எடுப்பது ஃபெவிக்விக். அது தோலைக் கட்டையாக்கிவிடும், விரலில் குத்தும், தவிர, ஒட்டிய பொருளைப் பார்த்ததும் கம்பெனிக்காரன், நீங்களே ரிப்பேர் செய்திருக்கிறீர்கள் என்று கதவைச் சாத்திவிடுவான். அவன் சாத்துவதில் தப்பும் இல்லை.

வாரண்டி முடிந்த கிளவுஸ்தான் பெரியமேட்டுக்குப் போகும். தோல் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் பை, பெல்ட் தைக்கிற ஒரு பாய் எங்களுக்கு வழக்கம். பெரும்பாலும் உள்ளங்கைதான் போகும், மட்டைப் பிடியின் ரப்பர் உரசி உரசி, கீழ்க்கையின், அதாவது மட்டைப் பிடியைக் கீழே பிடிக்கும் கையின், ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஓட்டை விழும், மேல்கையில் சுண்டுவிரல் பக்கம். வியர்வை உப்பு ஏறிய தோல் முதலில் அப்பளமாக விறைக்கும், அப்புறம் மடிப்பில் வெடிக்கும். பாய் பழைய உள்ளங்கையைத் தையல் பிரித்து முழுசாக எடுப்பார், கத்தரிக்க மாட்டார், அதுதான் அவருக்கு அளவு. அதை அட்டையில் ஒட்டி, மெல்லிய செம்மறித் தோலில் வைத்துக் கோடு போட்டு வெட்டுவார். அப்புறம் ஓரம் முழுக்கக் கத்தியைப் படுக்கவைத்துத் தோலின் அடிப்பக்கத்தைச் சீவுவார். அந்தச் சீவலைப் பார்ப்பதற்கே நான் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சீவாமல் தைத்தால் மடிப்பு தடித்து, கட்டை விரல் இடுக்கில் கொப்புளம் போடும். தையலையும் பழைய துளைகளிலேயே கையால் போடச் சொல்வேன். புதுத் துளை போட்டால் மேல் பக்கத் துணி ஸ்டாம்பு கிழிக்கிற இடம்போல ஆகிவிடும் என்று அவரே சொல்லிக்கொடுத்தது. "ரெக்ஸின் போட்டா சீப்பா முடிச்சிடலாம் சார்" என்று முதல் தடவை கேட்டார், வேண்டாம் என்றேன். வியர்த்தால் ரெக்ஸின் வழுக்கும், மட்டை கையில் சுற்றும். இப்போது அவர் கேட்பதே இல்லை.

உள்ளங்கையை இப்படி ஒரு தடவை, நல்ல கிளவுஸ் என்றால் இரண்டு தடவைகூட மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் விரல்களை அமுக்கிப் பாருங்கள். கீழ்க்கையின் முதல் இரண்டு விரல்களுக்குள் ஃபைபர் தகடு இருக்கும், பந்து அதிகம் படுகிற விரல்கள் அவைதான். தகடு இரண்டாக உடைந்து நடுவில் மடங்கினால் உள்ளங்கை மாற்றுவது வீண் செலவு. இடது கை ஆட்டக்காரர்கள் இதில் ஏமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் இடது கை ஜோடி ஸ்டாக் இல்லை என்றால், ரெண்டும் ஒண்ணுதான் தம்பி என்று வலது கை ஜோடியைக் கட்டிவிடுவார்கள். ஒன்றில்லை. தகடு தப்பான கையில் போய் உட்கார்ந்திருக்கும்.

பேடில் பேச அதிகம் இல்லை. வார், பக்கிள், வெல்க்ரோ எல்லாவற்றையும் எந்தச் செருப்புத் தைக்கிறவரிடமும் மாற்றலாம். வெல்க்ரோ பிடிக்கவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் அது கெடவில்லை, புல்லும் நூலும் அடைத்திருக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு ஊக்கும் போதும். உள்ளே பிரம்பு வைத்த பேடு என்றால் வாங்கும்போதே முட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் லேசாக வளைத்துக் காதருகே கேளுங்கள், நொறுக்கென்று சத்தம் வந்தால் பிரம்பு ஏற்கெனவே உடைந்தது. முகப்பு மெலிதான பிவிசி என்றால் வெயிலில் வெடித்து உரியும், பியு கொஞ்சம் தாங்கும். முகப்பு உரிந்ததற்காகக் கம்பெனியிடம் எழுதி எழுதிப் பார்த்தோம், தேய்மானம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பேடு விஷயத்தில் நான் பிராண்டுக்குக் காசு கொடுப்பதில்லை. பணம் இருந்தால் ஹெல்மெட்டுக்கு, மிச்சம் இருந்தால் கிளவுஸுக்கு. கார்டில் ஓரத்தில் முடி அளவு விரிசல் கண்டாலும் குப்பைத்தொட்டி, யோசனையே வேண்டாம், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறது. அதைக் கடன் கேட்கிறவனை என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஆன்லைனில் வாங்குவதில் விலை குறைவு, உண்மை. ஆனால் அங்கே விற்பவர் யார் என்ற பெயரைப் பாருங்கள், தளத்தின் பெயர் வேறு, விற்பவர் வேறு. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் இல்லையென்றால் வாரண்டி செல்லாது என்று பல அட்டைகளில் போட்டிருக்கிறார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே ஃபோனில் ஒரு வீடியோ எடுத்துவையுங்கள். ஹெல்மெட்டை வீட்டில் போட்டுக்கொண்டு தலையை நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், வார் கட்டாமலே அது தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். லேபிளில் சைஸ் செ.மீ. கணக்கில் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, தரநிலை எண் இருக்கிறது ஆனால் எந்தப் பந்து என்று இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டிக்கர் அடிப்பது நம் ஊரில் பெரிய வேலையே இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் முடித்துவிட வேண்டும், ஒரு பந்துகூட ஆடுவதற்கு முன்னால்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து எல்லாவற்றையும் மின்விசிறிக்குக் கீழே பரப்பினால் பாதி ஆயுள் கூடும். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டால் தோல் விறைக்கும், ஒட்டுப் பசை இளகும். பூட்டிய காரின் டிக்கியில் ஹெல்மெட்டை வைப்பதும் அதே கதிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிட் பேக்கை மூடியே வைத்தால் கிளவுஸில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும், விரல்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹெல்மெட்டில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், கேமரா மாட்டுவதற்கு என்று துளை போடாதீர்கள். கடைசியாகச் சொன்னதை ஒருவன் செய்தான், எங்கள் டீம் இல்லை, எதிர் டீம்.

கழித்துப் போடும் ஹெல்மெட்டை அப்படியே தூக்கிப் போட வேண்டாம். அந்த ஓப்பனரின் ஹெல்மெட்டை நான் மைதானத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன், அடுத்த வாரமே கிரவுண்ட்ஸ்மேனின் மகன் அதைப் போட்டுக்கொண்டு லெதர் பந்தில் வலைப்பயிற்சி ஆடிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவிடம் சொல்லி வாங்கி, அவனுக்குக் கிளப் கணக்கில் வேறு ஒன்று கொடுத்தோம். இப்போது கழிக்கிற ஹெல்மெட் எதுவாக இருந்தாலும் முதலில் தாடை வாரைக் கத்தரித்துவிடுகிறேன், கிரில்லைக் கழற்றி எடுத்துவிடுகிறேன், ஓட்டில் மார்க்கரால் பெரிதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிடுகிறேன்.